முதல் வாசல் வாயே!

(தலைப்பு: ‘நோய் நம் உடம்புக்குள் நுழையும் வாசல் பெரிதும் வயிறே! வாயே!’ பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில் ‘வாயே’ என்னும் அணியில் பேசியது.)

அன்பு நிறைந்த நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே வயிற்றுக்காக வாய் கிழியப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, கையில் ஒரு துண்டு கரும்போடு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, குழந்தைகளே!

கரும்பு என்று ஏன் சொன்னேன்? பொங்கலன்று ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். யார் கரும்பைக் கடித்து இழுக்கிறார்கள், யார் ‘சீவித் துண்டு போட்டுக் கொடு’ என்று கேட்கிறார்கள், யார் ‘எனக்கு வேண்டாம்ப்பா’ என்று எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த வீட்டு ஆரோக்கியம் பாதி தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் எழுந்து போனவர் என் அம்மா. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் எதிரணிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் நீளமாகப் பட்டியல் போட்டார். எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு, நேரங்கெட்ட நேரத்துச் சாப்பாடு. வயிற்றைக் கட்டினால் வைத்தியரையே மறந்துவிடலாம் என்றார். கைதட்டலும் வாங்கினார். பேசி முடித்ததும் தண்ணீர் கேட்டார். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன் அய்யா. அந்தத் தண்ணீரை அவர் வயிற்றிலா ஊற்றிக்கொண்டார்? வாயில்தானே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: வாசல்னா எல்லாரும்தாம்மா வருவாங்க. விருந்தாளியும் வருவான், திருடனும் வருவான். அதுக்கு வாசல் என்ன பண்ணும்?

நல்ல கேள்வி அய்யா. வாசல் ஒன்றும் பண்ணாது. வாசலைக் கூட்டாத வீட்டுக்காரர்தான் பண்ணுகிறார். விடிந்தும் விடியாமல் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் நாம். கல்லும் மண்ணுமாக இருக்கிற வாசலுக்கு அவ்வளவு மரியாதை. இந்த உடம்புக்கு இருக்கிற வாசலை மட்டும், பஸ்ஸுக்கு நேரமாச்சு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று அரை நிமிஷத்தில் இழுத்துவிட்டு ஓடுகிறோம். ராத்திரியிலோ அதுவும் கிடையாது.

வாய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். மனித வாயில் வாழக்கூடிய நுண்ணுயிர் வகைகளாக 700-க்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாமே கெட்டவை இல்லை. ஊர் என்றால் நல்லவனும் இருப்பான், நாலு போக்கிரியும் இருப்பான். வம்பு எப்போது வருகிறது? அவை பல்லின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு படலமாகப் படியும்போது வருகிறது.

தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. தண்ணீர்க் குடத்தை ரெண்டு நாள் தேய்க்காமல் விட்டால் உள்ளே வழுவழுவென்று ஒரு பாசி மாதிரிப் பிடிக்கிறதே, அதேதான் பல்லிலும். அந்தக் குடத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி அலசினால் போகுமா? போகாது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். வாயும் அப்படித்தான். நாலு தரம் கொப்பளித்துவிட்டு ‘நான் சுத்தமா இருக்கேன்’ என்று சொல்வது, குடத்தை அலசிக் கவிழ்த்துவிட்டுத் தேய்த்தேன் என்று சொல்வதற்குச் சமம். தேய்க்காத படலம் நாளாக நாளாகக் கல்லாக இறுகுகிறது. அதைத்தான் காறை என்கிறோம். அதற்கப்புறம் பிரஷ்ஷுக்கு அது அசையாது. பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

‘ரெண்டு நாள் விளக்கலைன்னா உலகமா முழுகிடும்?’ என்று சிலர் கேட்கலாம். அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நார்வேயில் பிறந்த ஹரால்டு லோ என்கிற பல் மருத்துவ அறிஞர் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார். அதன் முடிவு 1965-ல் வெளிவந்தது. ஈறு நல்லபடியாக இருந்த 12 பேர். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். அவர்களிடம், ‘இன்று முதல் யாரும் பல் விளக்கக் கூடாது’ என்று சொன்னார். நம் பிள்ளைகளாக இருந்தால் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பார்கள்! (சிரிப்பு) என்ன ஆனது? பத்தாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுபடியும் விளக்கச் சொன்னார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. மூன்று வாரத்தில் வருகிறது, ஒரு வாரத்தில் போகிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் அவ்வளவு சுலபமான வியாதி இது.

ஆனால் வருஷக்கணக்கில் விட்டால்? அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஏனென்றால் அது நம் மக்களைப் பற்றியது. 1970-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 ஆண்களை அதே லோவின் குழு பரிசோதித்தது. பிரஷ் பிடிக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்திய வசதியும் இல்லை. பதினைந்து வருஷம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் பல்லில் சொத்தை அநேகமாக இல்லை. ஆனாலும் பல் விழுந்தது! எப்படி? மரம் நன்றாகத்தான் இருந்தது. அடி மண் கரைந்து போயிற்று. ஈறு கெட்டு, பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்தது. நூற்றுக்கு 81 பேருக்கு நிதானமாகக் கரைந்தது. 8 பேருக்கு வேகமாகக் கரைந்து, 45 வயதுக்குள் வாயே காலியாகிவிட்டது. 11 பேருக்கு மட்டும் ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

அந்தப் பதினொரு பேர் கணக்கு எதற்குத் தெரியுமா? ‘எங்க தாத்தா பிரஷ்ஷையே பார்த்ததில்லை, எண்பது வயசுல முறுக்கு கடிச்சாரு’ என்று எதிரணியில் யாராவது இனிமேல் சொல்வார்கள். நடுவர் அவர்களே, அந்தத் தாத்தா அந்தப் பதினொரு பேரில் ஒருவர். அவருக்கு என் வணக்கம். ஆனால் நாமும் அந்தப் பதினொன்றில் இருக்கிறோமா, அந்த எட்டில் இருக்கிறோமா என்று பிறக்கும்போது யாரும் சீட்டு எழுதிக் கையில் கொடுப்பதில்லையே! (கைதட்டல்)

சரி, பல் விழுந்தால் விழுகிறது, கட்டுப்பல் வைத்துக்கொள்வோம், உடம்புக்கு என்ன என்று கேட்கலாம். அங்கேதான் வாசல் என்கிற என் வாதம் வருகிறது. ஈறில் இரத்தம் வருகிறதென்றால் அங்கே புண் இருக்கிறது என்று அர்த்தம். காலில் ஓர் அங்குலப் புண் இருந்தால் மஞ்சள் பத்துப் போடுகிறோம், ஊசி போடுகிறோம். வாய் முழுக்க ஒவ்வொரு பல்லையும் சுற்றிப் புண் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் புண் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே இருதய வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வாய்க் கிருமி அந்த வால்விலே போய் உட்கார்ந்து உயிருக்கே ஆபத்து உண்டாக்கலாம். அதனால்தான் செயற்கை வால்வு வைத்தவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்னாலேயே மருந்து கொடுக்கிறார்கள். அவர்கள் பல் டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாகத் தங்கள் இருதயக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஈறு கெட்டால் மாரடைப்பு வரும்’ என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஈறு நோய் உள்ளவர்களிடம் இருதய நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதனால்தான் இது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்க இருதயச் சங்கம் 2012-ல் இதைத் தெளிவாகவே சொன்னது. பட்டிமன்றத்தில் ஜெயிப்பதற்காக நான் பொய் சொல்லக்கூடாது பாருங்கள். என் கட்சிக்கு உண்மையே போதும்.

அந்த உண்மை என் வீட்டிலேயே இருக்கிறது. இப்போது அம்மா கதைக்கு வருகிறேன்.

நான் சோழவந்தான் பக்கத்துக்காரி. பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார்கள். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை இறங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார், ‘என்னம்மா, இனிப்பு ஏதும் சாப்பிடுறீங்களா?’ அம்மா, ‘இல்லைங்கய்யா’ என்பார்கள். டாக்டர் என்னைப் பார்ப்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். நம்பமாட்டேன்.

ஒருநாள் என் மகன் வந்து, ‘அம்மா, அப்பத்தா... இல்ல, அம்மாச்சி ராத்திரி அடுப்படியில தனியா நிக்குது’ என்றான். அவ்வளவுதான். இப்போது இந்த நண்பர் பேசினாரே, அதே வயிற்றுக் கட்சியில்தான் நானும் அன்றைக்கு இருந்தேன். சர்க்கரை டப்பா, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெற்ற தாயைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொன்னேன்: ‘இந்த வயசுல எதுக்கும்மா திருட்டுத் தீனி?’

அம்மா பதில் பேசவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

அந்த வருஷப் பொங்கலுக்குத்தான் கரும்பை எடுத்துக் கொடுத்தால், ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுந்து போனார்கள். அதற்கும் நான் விடவில்லை. ‘நாங்க பாக்கும்போது மட்டும் பத்தியம்’ என்று என் வீட்டுக்காரரிடம் அவர்கள் காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன்.

தை முடிவதற்குள் ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கிவிட்டது. ஜுரம். பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா சர்க்கரைச் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. முதலில் சொன்னது, ‘அம்மா, வாயைத் திறங்க.’ பார்த்தார். கேட்டார்:

‘எத்தனை நாளா ரத்தம் வருதும்மா?’

‘அது ஒரு ஆறேழு வருஷமா வருது தாயி.’

‘ஏன் சொல்லலை?’

‘பல்லு விளக்கினா ரத்தம் வாரது எல்லாருக்கும் உள்ளதுதானேன்னு இருந்துட்டேன். இவளும் பாவம், மாத்திரைக்கே சம்பளத்துல பாதி போகுது. இதை வேற சொல்லி...’

ராத்திரி அடுப்படியில் எதற்கு நின்றார்கள் தெரியுமா? ஈறு வலி தாங்காமல் உப்புத் தண்ணீர் காய்ச்சி வாய் கொப்பளிக்க. காலையில் குழாயைத் திறந்துவிட்டபடியே துப்புவார்களாம், சிவப்பு எங்கள் கண்ணில் படாமல் இருக்க. இரத்தம் வருகிறதே என்று பயந்து பிரஷ்ஷையும் விட்டுவிட்டார்கள். விரல்தான். விட்ட பிறகு வியாதி இன்னும் உள்ளே இறங்கியது.

டாக்டரம்மா எனக்கு விளக்கினார். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை கூடும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. சொன்னேனே லோ, அதே மனிதர் 1993-ல் எழுதினார்: கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய், ஆறாத புண் என்று சர்க்கரை நோயின் கேடுகள் ஐந்து என்றால், ஈறு நோய் ஆறாவது. ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரை எவ்வளவு இறங்கும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2022-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று நாலு மாதத்தில் எச்.பி.ஏ.1சி என்கிற அந்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு சராசரியாக 0.43 குறைகிறது. கேட்க அரைக்கால் அளவு மாதிரி இருக்கும். சர்க்கரைக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் புள்ளிக் கணக்கின் அருமை தெரியும்.

அம்மாவுக்கு நாலு பல் எடுத்தார்கள். மிச்சத்தைச் சுத்தம் பண்ணினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 9.8 இருந்தது 9.1 ஆகியிருந்தது. முழுக்கப் பல்லால்தான் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையும் நிற்கவில்லை, பத்தியமும் நிற்கவில்லை. ஆனால் பூட்டிய பீரோ எந்தச் சர்க்கரையையும் குறைக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பது வருஷம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்தோம். கண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ‘வாயைத் திற’ என்று சொன்னதில்லை. அவர்களை விடுங்கள். நான் ஆசிரியை. காலைப் பிரார்த்தனையில் நூறு பிள்ளைகளுக்கு நகம் பார்த்திருக்கிறேன், பல் பார்த்திருக்கிறேன். என் அம்மா வாயை ஒருநாள் பார்க்கவில்லையே! (கைதட்டல்)

பெரியவர்களைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்கிறேன். படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்குத் துணி மாற்றுகிறோம், துடைத்துவிடுகிறோம், கஞ்சி ஊட்டுகிறோம். வாய்? ‘பல்லே இல்லை, அப்புறம் என்ன விளக்குறது’ என்று விட்டுவிடுகிறோம். அழுக்கான எச்சில் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் பார்த்தார்கள். 1999-ல் வெளியானது. வாயைத் தனிக் கவனத்தோடு சுத்தம் செய்யாதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. செய்தவர்களில் 11 பேருக்குத்தான். இதற்கு ஆன செலவு? ஒரு பிரஷ், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பொறுமை. பல் இல்லாத ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கட்டுப்பல்லை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும்.

அடுத்தது சின்னப் பிள்ளைகள். ஆறு வயதில் கடைவாயில் ஒரு பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் பின்னால் முளைப்பதால் பாதிப் பேர் அதைப் பால் பல் என்றே நினைக்கிறார்கள். ‘விழுந்து முளைக்கப் போறதுதானே’ என்று சொத்தையைக் கவனிப்பதில்லை. அது நிலைப் பல் அம்மா! போனால் போனதுதான். பல்லின் மேலிருக்கும் எனாமல்தான் உடம்பிலேயே கெட்டியான பொருள். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் மறுபடி வளராது.

இங்கே எதிரணி நண்பருக்கு ஒரு பங்கு விட்டுக்கொடுக்கிறேன். இனிப்பு கெடுதல்தான். ஆனால் எப்படிக் கெடுதல்? ஒவ்வொரு தடவை இனிப்பு வாயில் பட்டதும் கிருமிகள் அதைத் தின்று அமிலம் உண்டாக்குகின்றன. அரை மணி நேரம்போல அந்த அமிலம் பல்லை அரிக்கும். அப்புறம் எச்சில் வந்து சரி பண்ணும். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் ஒரு அரை மணி. அதே லட்டைக் கிள்ளிக் கிள்ளி நாள் முழுக்கத் தின்றால் நாள் முழுக்க அமிலம். எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. பாட்டிலில் சர்க்கரைப் பாலோடு பிள்ளையைத் தூங்க வைக்கிறோமே, தூக்கத்தில் எச்சிலும் குறைவு. ராத்திரி முழுக்கப் பல் அந்தப் பாலில் ஊறுகிறது. அப்படிப் பார்த்தால் இனிப்புக்கூட முதல் சேதத்தைச் செய்கிற இடம் வாய்தான், நடுவர் அவர்களே!

இந்த வாசலைப் பூட்டி வைத்திருப்பது பணம் மட்டும் இல்லை, பயமும்தான். ‘மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்.’ போகாது. வயதான காலத்தில்தான் பல்லும் போகிறது, பார்வையும் மங்குகிறது. நாம் ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டோம். ‘பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட ஆரம்பிச்சிரும்.’ ஆட வைப்பது சுத்தம் இல்லை. எலும்பு எப்போதோ கரைந்துவிட்டது. காறைதான் முட்டுக் கொடுத்து நின்றது. முட்டை எடுத்ததும் உண்மை தெரிகிறது. ‘மாசமா இருக்கிறவ பல் டாக்டர்கிட்ட போகக்கூடாது.’ போகலாம், போகவும் வேண்டும். அந்தச் சமயத்தில்தான் ஈறு அதிகமாக வீங்கும். நடு மூன்று மாதம் வைத்தியத்துக்கு வசதியான காலம். கர்ப்பம் என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெற்றிலைக்குப் பேர்போன ஊர்க்காரியே இதையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்டது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கே அந்தப் பட்டியலில் இருக்கிறது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாயில் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வலிக்காத புண்ணைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் அய்யா, ஒரே நிமிஷம்.

செய்ய வேண்டியது கொஞ்சந்தான். காலையில் ஒரு தரம், ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தரம், ரெண்டு ரெண்டு நிமிஷம். ராத்திரிதான் முக்கியம். மெத்தென்ற பிரஷ். ஃபுளோரைடு கலந்த பேஸ்ட். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஆலையும் வேலையும் சொன்ன நம் முன்னோர் தேய்க்கச் சொன்னார்கள். செங்கல் பொடியால் அரைக்கச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கொரு தரம் பிரஷ்ஷை மாற்றுங்கள். இரத்தம் வந்தால் விளக்குவதை நிறுத்தாதீர்கள். மெதுவாக விளக்குங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வலி வந்த பிறகு போனால் பிடுங்குவார். வலி வருவதற்கு முன் போனால் காப்பாற்றுவார்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்ததும் பெரியவர்களைப் பார்த்து, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறோம். அது வயிற்றைக் கேட்கிற கேள்வி. ‘கடிச்சுச் சாப்பிட முடியுதா?’ என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? அதுதான் வாயைக் கேட்கிற கேள்வி. அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், என் அம்மாவைத் திருடி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மா இப்போது வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அம்மா, நீ பொய் சொல்லலை. நான்தான் உன் வாயைப் பார்க்காம வயித்தைச் சந்தேகப்பட்டேன். என்னை மன்னிச்சிரு. பீரோ சாவி சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியிலே தொங்குது.

நோய் நுழையும் வாசல் வாயே! வாயே! என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)